பிரம்பு நாற்காலி

உருவமா உள்ளடக்கமா என்று சண்டை போடுகிறவர்கள் ஒருமுறையாவது பிரம்பு பின்னிப் பார்க்கவேண்டும். சென்ற வருஷம், இடுப்பெலும்பு முறிந்து தேறிய அப்பாவுக்காக ஒரு நாற்காலி செய்தேன். மரவேலை சொல்லித்தந்தவர் எங்கள் தெரு ஆசாரி. கழுந்து துளைக்குள் கையாலேயே இறங்கிவிட்டால் நாளைக்கு ஆடும்; ஓங்கி அடித்தால்தான் இறங்குமென்றால் மரம் வெடிக்கும். கொட்டாப்புளியின் நிதானமான தட்டலுக்கு இறங்கவேண்டும். இந்த இறுக்கத்துக்கு அவரிடம் பெயர் கிடையாது. விமர்சனத்திலும் கிடையாது.

பிரம்பு, பனை ஜாதிக் கொடி. மூங்கிலைப்போல் உள்ளே கூடு இல்லை. அதன் தோலை நாராகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, சட்டத்தின் துளைகளில் கோக்கவேண்டும். முன்பின்னாக ஒரு வரிசை, குறுக்கே ஒன்று, மறுபடி முன்பின். இதுவரை நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வெறுமனே கிடக்கின்றன. நாலாவது வரிசையை மேலும் கீழுமாக நுழைத்து இழுக்கும்போதுதான் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பிறகு மூலைவாட்டில் இரண்டு. ஈரம் காயக் காய இறுகுகிறது. எந்த வரிசையில் உருவம் வந்தது, எதில் உள்ளடக்கம் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை.

சண்டிகர் நகர நிர்மாணத்துக்கு 1951இல் வந்த பியர் ஜான்னரேயும் அவருடனிருந்த இந்தியக் கட்டிடக்கலைஞர்களும் ஆபீஸ்களுக்கென்று தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் வடிவமைத்தார்கள். உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். பழசானதும் கழிவென்று ஏலத்தில் தள்ளப்பட்டவை, பிற்பாடு வெளிநாட்டு ஏல மண்டபங்களில் லட்சக்கணக்கில் விலைபோயின. விலைபோனது ஜான்னரேயின் பெயர், தச்சர்களின் பெயரல்ல. குமாஸ்தா உட்கார்ந்தவரை தளவாடம், யாரும் உட்காராதபோது கலை. உபயோகமற்றிருப்பதே கவிதையின் பெருமை என்று நம்மில் பலர் எழுதிவருவதும் இதே தர்க்கம்தான். எனக்கு இதில் சம்மதமில்லை.

அப்பாவின் முழங்கால் உயரத்தை அளந்துதான் கால்களை அறுத்தேன். உட்கார்ந்து எழுந்திருக்க இன்னொருவர் கை தேவைப்படக்கூடாது என்பது ஒன்றே லட்சியம். கோடையில் முதுகு வேர்க்காது என்பதால் பிரம்பு. இந்த நாற்காலியில் அழகு என்று ஏதாவது இருந்தால் அது இந்த நிபந்தனைகளுக்கு உள்ளேயிருந்து வந்தது, வெளியிலிருந்து ஒட்டவைத்ததல்ல. 'உயரம் சரியா இருக்குடா' என்றார் அப்பா. பின்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிரம்பு தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணி போட்டுக் காயவிடலாம், ஓரளவு இறுகும். அதற்கும் மசியாதபோது பழையதை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் பின்னவேண்டியதுதான். துளைகள் அங்கேயே இருக்கும்.