நீளும் கைகள்

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜபல்பூரில் விடாது மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே செல்ல வழியில்லாததால், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கணினியில் ஒரு பழைய சண்டைப்படத்தைப் போட்டான். 'மாஸ்டர் ஆஃப் த ஃப்ளையிங் கில்லட்டின்' என்பது அதன் பெயர். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தை இயக்கியவர் ஜிம்மி வாங் யூ. ஒற்றைக் கை வீரனாக நடித்தவரும் அவரே.

கதை எளியது. தம் சீடர் இருவரை ஒற்றைக் கை வீரன் ஒருவன் கொன்றான் என்று அறிந்து, பார்வையற்ற முதியவர் ஒருவர் பழிவாங்கப் புறப்படுகிறார். அவருடைய படைக்கலம் சங்கிலியில் கட்டிய தொப்பியைப் போன்றது. வீசினால் பகைவரின் தலையில் கவிழும். இழுத்தால் தலையோடு திரும்பி வரும்! வீரனோ சுவரிலும் கூரையின் அடிப்புறத்திலும் பல்லியைப் போல நடக்கிறான். வெறுங்காலுடன் சண்டையிடும் தாய்லாந்து வீரனை, இரும்புத் தளமிட்ட குடிசைக்குள் வரவழைத்து, அடியில் தீ மூட்டி வெல்கிறான். "கதாநாயகன் செய்கிற வேலையா இது?" என்று மகன் கேட்டான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இடையில் ஒரு சண்டைப் போட்டி நடைபெறுகிறது. பல நாட்டு வீரர்களுள் இந்திய யோகி ஒருவரும் களம் இறங்குகிறார். அவர் நினைத்தால் கைகள் இரு மடங்காக நீளும். அவை பொய்க்கைகள் என்பது நன்றாகவே தெரிந்தது. நடித்தவரும் இந்தியர் அல்லர். மேனியில் மாநிறச் சாயம் பூசிய சீன நடிகர். அப்போதும் இருவரும் சிரித்தோம். சற்று நேரத்தில் மகனின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

"அம்மா, அவர் நாம்தானே?" என்றான்.

என்ன விடை சொல்வதென்று எனக்குத் தோன்றவில்லை. அவனே தொடர்ந்தான்: "எங்கள் வகுப்பிலும் இப்படித்தான். 'மதராசி' என்று அழைத்து, 'ஐயோ, ஐயோ' என்று கைகளை ஆட்டிக் காட்டுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவேன்."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் தமிழ் கற்பிக்கும் அதே பள்ளியில்தான் அவனும் படிக்கிறான். மாலையில் வீட்டுச் சாவி வாங்க ஆசிரியர் அறை வாசலுக்கு வருவான். உடன் நண்பர்கள் இருந்தால் என்னிடம் இந்தியில்தான் பேசுவான். பழக்கம் என்று எண்ணியிருந்தேன். அது கூச்சம் என்று அறியாதிருந்தேன்.

"அவர்கள் அறியாமையால் சொல்கிறார்கள்; நீ பொருட்படுத்தாதே" என்று கூற வாயெடுத்தேன். ஆனால், திண்டுக்கல்லில் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவைக் காவல் காத்த கூர்க்கா நினைவுக்கு வந்துவிட்டார். இரவெல்லாம் ஊதலை ஊதி, தடியைத் தரையில் தட்டிச் செல்வார். மாதத் தொடக்கத்தில் வீடுதோறும் வந்து பணம் பெற்றுக்கொள்வார். திரைப்படங்களில் கூர்க்கா பேசுவதாகக் காட்டும் கொச்சைத் தமிழை, ஒருநாள் அவர் எதிரிலேயே பேசி நடித்துக் காட்டினேன். தோழியர் கைகொட்டிச் சிரித்தனர். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் அவர் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. தெருவிலேயே நின்று என் தந்தையை அழைத்தார். அவருடைய பெயர் என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இதனை என் மகனிடம் மறைக்காமல் கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அவரும் சிரித்தாரா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆம், உன்னைப் போலவே" என்றேன்.

தொலைவில் உள்ளவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரியாததைக் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறோம். அந்தப் படக்குழுவினர் ஓர் இந்தியருக்குக் கைகளை நீட்டினார்கள். நாமும் பிறருக்கு எதையேனும் நீட்டியோ குறுக்கியோதான் பார்க்கிறோம். ஒருவருடைய பெயரையும் ஊரையும் கேட்டு, அவருடன் ஒருவேளை உணவு உண்டுவிட்டால், அவருடைய கைகள் நம் கைகளின் அளவே என்பது புரிந்துவிடும்.

மழை விட்டபின் மீதிப் படத்தையும் பார்த்தோம். சவப்பெட்டிக் கடையில் நடக்கும் இறுதிச் சண்டைக்கு மீண்டும் சிரித்தோம். சிரிப்பதில் தவறில்லை. எதற்குச் சிரிக்கிறோம் என்று அறிந்து சிரித்தோம்.

சில நாட்கள் சென்றபின், ஒரு மாலையில் ஆசிரியர் அறை வாசலில் அவன் வந்து நின்றான். உடன் மூன்று நண்பர்கள். ஒரு நொடி தயங்கினான். பின், "அம்மா, வீட்டுச் சாவி வேண்டும்" என்றான்.

குரல் மெல்லியதுதான்; மொழி தமிழ்.