சீட்டில் இல்லாத சரக்கு

எங்கள் அப்பா மளிகைச் சீட்டு எழுத தினசரி காலண்டரில் கிழித்த தாளைத்தான் எடுப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். துவரம்பருப்பு, வெல்லம், மல்லி, கடுகு என்று ஒவ்வொன்றுக்கும் நேரே அளவு. ஊத்தங்கரை பஜாரில் கடைக்காரர் அந்தத் தாளைக் கல்லாவுக்கு மேலிருந்த ஆணியில் குத்தி, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார். உள்ளேயிருந்து பையன் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவான். கடலைமிட்டாய் ஜாடியை நான் விரலால் காட்டினால் அவர் என் பக்கமே திரும்ப மாட்டார். சீட்டில் இல்லாத சரக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மிட்டாய் வேண்டுமானால் வீட்டிலேயே அப்பாவிடம் மன்றாடி எழுத வைத்திருக்க வேண்டும். அநேகமாகத் தோற்றுத்தான் போவேன்.

1981-இல் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கேயும் சீட்டுதான் என்று தெரிந்தது. அதற்குப் பெயர் இண்டென்ட். ஜன்னலுக்கு வெளியே ஷாப் ஃப்ளோர் ஆட்கள் அவசரமாக நிற்பார்கள். தமிழ்க்காரர் ரேக்கைக் கைகாட்டி ‘அது’ என்பார். கன்னடக்காரரும் ‘அது’தான் என்பார். தெலுங்குக்காரர் ‘அதி’ என்பார். மூன்று பாஷையிலும் விரல் ஒரே பக்கம்தான் நீளும், ஆனால் அந்த ரேக்கில் நாற்பது பெட்டி இருக்கும். பொருள் எண்ணை எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கி வந்தால்தான் கொடுப்பேன். கெடுபிடிக்காரன் என்று பெயர் வாங்கினேன். எட்டு மில்லிமீட்டர் கேட்டவனுக்குப் பத்து மில்லிமீட்டர் கொடுத்து அனுப்பிய ஸ்டோர் கீப்பர் என்ற பெயரைவிட அது மேல் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு மறுபடி சீட்டு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. எழுத வைத்தது ஒரு பழைய லேப்டாப்.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் கடைசி மகளுக்குக் கிடைத்தது அது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளமும் வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகள் கல்யாணமாகிப் போனாள், லேப்டாப் பரணுக்குப் போனது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு, அது பரணில் இருப்பதுதான் நியாயம் என்று எல்லோரும் நினைத்தோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் பேத்திதான் இறக்கித் தூசி தட்டி, லுபுண்டு என்ற லினக்ஸை ஏற்றிக் கொடுத்தாள்.

அதில் மென்பொருள் கடை ஒன்று உண்டு. படம் படமாக, நட்சத்திரம் போட்டு அடுக்கியிருப்பார்கள். இரண்டு ஜிபி ராம் உள்ள கிழட்டு இயந்திரத்தில் அந்தக் கடை திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். திறந்த பிறகு நான் எதற்கு வந்தேன் என்பது மறந்துபோய், சதுரங்கம், நட்சத்திர வரைபடம் என்று கண் போன பக்கம் கை போகும். ஒருநாள் பேத்தி பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: “விரலால காட்டாதீங்க தாத்தா, பேர் சொல்லிக் கேளுங்க.” கருப்புத் திரை ஒன்றைத் திறந்து, ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று அடித்து, பக்கத்தில் பொருளின் பெயரையும் எழுதினாள். முப்பது வருஷம் ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு நான் சொன்ன வாக்கியத்தை, ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்து எனக்கே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஆப்ட் என்பது ஸ்டோர் கீப்பர், சூடோ என்பது இண்டென்ட்டில் சூப்பர்வைசர் கையெழுத்து. அது இல்லாமல் ரேக்கில் கை வைக்க முடியாது. ‘ஆப்ட் அப்டேட்’ என்பது சரக்குப் பட்டியலைப் புதுப்பிப்பது மட்டும், ‘ஆப்ட் அப்கிரேட்’ என்றால்தான் பழைய சரக்குக்குப் பதில் புதுச் சரக்கு இறங்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆள் குறைவு. சரக்குப் பட்டியலில் அனுப்பியவரின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா, வருகிற சரக்கு அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று ஆப்ட் பார்த்துக்கொள்கிறது. எங்கள் கேட்டில் டெலிவரி சலானைச் சரிபார்க்காமல் லாரியை உள்ளே விடமாட்டோம், அதே வேலை. கண்ட வலைத்தளத்தில் பச்சைப் பொத்தானை அழுத்தி இறக்கிய பொருள்களுக்குச் சலான் ஏது?

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. நாம் கேட்டு வந்த பொருள் எது, அதற்குத் துணையாகத் தானாக வந்த பொருள் எது என்று ஆப்ட் தனித்தனியாகக் குறித்து வைக்கிறது. ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ என்று கேட்டால் முதல் வகையைச் சொல்லும். துணைக்கு வந்தவற்றில் இப்போது யாருக்கும் தேவைப்படாதவை இருந்தால் ‘ஆட்டோரிமூவ்’ அவற்றை வெளியேற்றும். ஒரு வீட்டில் இருக்கும் சாமான்களை இப்படிப் பிரித்துச் சொல்லக்கூடிய ஆள் யாராவது இருந்தால் அவர் காலில் விழுவேன். எங்கள் வீட்டில் மூன்று மிக்சி இருக்கின்றன. எது கேட்டு வந்தது, எது சீரோடு வந்தது என்பது பெரிய வழக்கு.

ஆப்ட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘ஆப்ட் மூ’ என்று அடித்தால் எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு வந்து நிற்கும். இன்றைக்கு நீ மூ என்று கத்தினாயா என்று கேட்கும். எருதுவிடும் விழாவுக்காக உயிரைவிடும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கம்ப்யூட்டரைக் கொண்டுசெல்ல இதைவிட நல்ல கட்டளை கிடையாது. எதிர் வீட்டுப் பையன் இந்த ஒன்றுக்காகவே இரண்டு வாரம் வந்துகொண்டிருந்தான்.

படக்கடை முதலில் வந்தது, சீட்டு பின்னால் வந்தது என்று நான் நினைத்திருந்தேன். லினக்ஸ் பக்கம் தலைகீழ். டெபியன் தொடங்கியது 1993-இல், ஆப்ட் அதில் சேர்ந்தது 1999-இல். என் லுபுண்டுவுக்குத் தாய்வீடான உபுண்டு தனக்கென்று படம் போட்ட மென்பொருள் கடையை வைத்தது 2009-இல்தான். குடோன் முதலில், முகப்பு பிறகு. விண்டோஸில் 2012-இல் கடை திறந்தார்கள், பெயர் சொல்லிக் கேட்கிற ‘விங்கெட்’ 2020-இல் வந்தது. ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு 2011 ஜனவரியில் கடை வந்தது. அதைக் கட்டளையால் கையாளும் ‘மாஸ்’ கருவியை ஆப்பிள் செய்து தரவில்லை, வெளியாட்கள் செய்தார்கள். பெரிய கடைக்காரர்களுக்கு நாம் ரேக்குகளுக்கு நடுவே நடந்து போவதில்தான் விருப்பம் என்று எனக்கு ஒரு சந்தேகம். சீட்டோடு வருகிறவன் எதையும் வேடிக்கை பார்க்க மாட்டானே.

இனி நான் பட்ட அடி.

ஸ்டோர்ஸில் ஒரு தணிக்கை நேரம். டெட் ஸ்டாக்கை, அதாவது நகராமல் கிடக்கும் சரக்கைக் குறையுங்கள் என்று மேலிருந்து உத்தரவு. ஒவ்வொரு பொருளின் வரவும் செலவும் எழுதி வைக்கும் பின் கார்டைப் புரட்டினேன். ஒரு சின்ன ரப்பர் வளையம், இரண்டு வருஷமாக யாரும் எடுக்கவில்லை. பட்டியலில் எழுதிக் கழித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு பிரஸ்ஸை முழுதாகப் பிரித்துப் பூட்டினார்கள், கடைசியில் அந்த வளையம் இல்லை. ஒரு ஷிப்ட் முழுக்க லைன் நின்றது. யாரும் எடுக்கவில்லை என்பதைப் பார்த்தேன். எது இதை நம்பி நிற்கிறது என்று கேட்கவில்லை.

அந்தப் பாடம் படித்தவன் மறுபடி தவறு செய்ய மாட்டான் என்றுதானே நினைப்பீர்கள்? போன வருஷம் லேப்டாப்பில் இடம் போதவில்லை. பட்டியலில் ‘பைத்தான்3’ என்று இருந்தது. நான் நிரல் எழுதப் போவதில்லை, இந்தப் பாம்பு எனக்கு எதற்கு என்று நீக்கச் சொன்னேன். ஆப்ட் ஒழுங்காகத்தான் சொன்னது: இதை எடுத்தால் இவையெல்லாம் போகும் என்று திரை கொள்ளாத பட்டியல் போட்டு, தொடரலாமா என்று கேட்டது. நான் பட்டியலைப் படிக்கவில்லை. ஒய் அழுத்தினேன். மறுமுறை திறந்தபோது படமும் இல்லை, பொத்தானும் இல்லை, கருப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

பேத்தி திட்டவில்லை. போனிலிருந்து இணையத்தைக் கேபிளில் கொடுத்து, ஆப்ட் எழுதி வைத்திருக்கும் வரலாற்றுக் கோப்பைத் திறந்தாள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன கட்டளையில், எவையெவை போயின என்று முழுதும் அதில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரவழைத்தாள். ஒன்றரை மணி நேரம். எனக்கு என் பின் கார்டு ஞாபகம் வந்தது. படக்கடையில் பொத்தானை அழுத்தியிருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கலாம், ஆனால் என்ன செய்தோம் என்று வாயால் சொல்ல முடிந்திருக்காது. “ஏதோ அழுத்தினேன், போய்விட்டது” என்பதுதான் கிடைத்திருக்கும். பேருந்து நிலையம் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் என் மச்சான் மகனிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரே வாக்கியத்தோடுதான் வருகிறார்களாம்.

அவனுக்கும் ஒரு உபகாரம் செய்தோம். அவனிடம் ஆறு கம்ப்யூட்டர், ஆறும் ஆறு விதம். ஒழுங்காக இருந்த ஒன்றில் ‘விங்கெட் எக்ஸ்போர்ட்’ கொடுத்து சீட்டு எழுதி வாங்கி, மற்ற ஐந்திலும் ‘விங்கெட் இம்போர்ட்’ என்று அதைப் படிக்கச் சொன்னோம். சில பொருள்கள் எந்தக் குடோனிலும் இல்லை என்று விங்கெட் கைவிரித்தது. அவன் எப்போதோ சிடியில் வாங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அதில் ஒன்று. அதை மட்டும் பழையபடி கையால் ஏற்ற வேண்டியிருந்தது. “மாமா, இது தெரியாம ஒவ்வொரு தீபாவளி லீவுலயும் உக்காந்து ஏத்திட்டிருந்தேனே” என்றான்.

கேட்டு வாங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. உபுண்டு வகைகளில் ஸ்னாப் என்றொரு கடை இருக்கிறது. 2018 மே மாதம் அந்தக் கடையிலேயே 2048 என்ற எண் விளையாட்டின் உள்ளே, நம் இயந்திரத்தைக் கொண்டு டிஜிட்டல் நாணயம் தோண்டும் நிரலை ஒருவர் ஒளித்து வைத்திருந்தது தெரியவந்து, நீக்கினார்கள். ‘ஸ்னாப் இன்ஃபோ’ என்று கேட்டால் வெளியிட்டவர் யார் என்று சொல்லும். நான் அதைக் கேட்காமல் இப்போது எதையும் இறக்குவதில்லை.

ஸ்னாப்பில் இன்னொரு குணம். யாரும் கேட்காமலே ஒரு நாளைக்கு நான்கு முறை போய், புதுச் சரக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடும். பாதுகாப்புக்கு நல்லதுதான். புதிது ஒத்துவராவிட்டால் ‘ஸ்னாப் ரிவர்ட்’ என்று பழையதை மீட்கலாம். அப்படித் திருப்பி அனுப்பியதையே மறுபடி கொண்டுவந்து நீட்டாது, அதைவிடப் புதியது வந்தால்தான் வரும். இந்த மரியாதை எனக்குத் தெரிந்த பல சப்ளையர்களிடம் இருந்ததில்லை. ஒரு பொருளைக் கொஞ்ச காலம் தொடவே வேண்டாம் என்றால் ‘ஹோல்டு’ என்று நிறுத்தியும் வைக்கலாம்.

ஹோல்டு என்றால் என்ன என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினாள், ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் மளிகைச் சீட்டோடு பஜாருக்குப் போனேன். பழைய கடைக்காரரின் பேரன்தான் இப்போது கல்லாவில். ஆணி இல்லை, ஆனால் சீட்டை வாங்கியதும் தாத்தாவைப் போலவே வரிவரியாகச் சத்தமாகப் படிக்கிறான். துவரம்பருப்பு, மல்லி, கடுகு, நல்லெண்ணெய். எனக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பது ஊருக்கே தெரியும். ஏழெட்டுப் பேர் நின்றிருந்த கடையில், கடைசி வரியையும் அவன் சத்தமாகத்தான் படித்தான்: “மிக்சர், வேண்டாம். அவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.”