ஒரு குழந்தைக்கு வருடம் ஒரு தாள்

நம் வயதுக்காரர்கள் முதன்முதலில் எழுதிய எழுத்து பெரும்பாலும் மிச்சமில்லை. வீரசோழனில் எங்களுக்கு ‘அ’ போடச் சொல்லிக்கொடுத்தது மணலில். பிறகு சிலேட்டு. கோவை இலையை வைத்துத் தேய்த்தால் நேற்று எழுதியது போய்விடும். நோட்டு கைக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். எழுதித் தீர்ந்த நோட்டும் சந்தையில் கடலை மடிக்கப் போய்விடும்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு தாள் தப்பியது. 1964-இல், இரண்டாம் வகுப்பில், என் தங்கை பென்சிலால் எழுதியது. அடுத்த வருடம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். போட்டோ எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டிய காலம்; அவளுக்குப் போட்டோ கிடையாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளை வீட்டுப் பத்திரங்களோடு துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

சென்ற மாதம் பேத்தியிடம் காட்டினேன். “தாத்தா, இது என்ன எழுத்து?” என்றாள். தங்கை எழுதியிருப்பது தலை, மலை, பானை. லை, னை எழுத்துகளின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு நிற்கிறது. நாமெல்லாம் அப்படித்தானே எழுதினோம்! பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-இல் அரசு ஏற்றது. ணை, ளை, ணா, றா, னா எழுத்துகளும் அப்போது மாறியவைதான். ஒரு சிறுமியின் பென்சில் தாளில் அந்தக் கதையும் இருக்கிறது.

எங்கள் தாலுகா ஊரான திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 16 வயதில் மதுரை வீட்டைவிட்டுப் புறப்பட்டார். 1896 ஆகஸ்ட் 29. அன்று அவர் எழுதி வைத்த சிறு கடிதத்தில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டுமே. காலேஜ் சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்ற கணக்கும் உண்டு. வீட்டில் அதைக் கிழித்துப் போடாததால் இன்றும் அதன் படத்தைப் புத்தகங்களில் பார்க்கிறோம்.

பேரன் பேத்திகளின் எழுத்தைச் செல்போனில் படம் பிடித்தால் போதும் என்கிறார்கள் பிள்ளைகள். போன் மாறும்போது அதுவும் போய்விடலாம். ஒரு குழந்தைக்கு வருடம் ஒரு தாள் எடுத்து வையுங்கள். பென்சில் எழுத்து மங்காது. பேனா மை வெளிச்சத்தில் மங்கும். குண்டூசி துருப்பிடிக்கும். செலோடேப் மஞ்சள் கறை விடும். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. பழைய போட்டோ ஆல்பத்தில் செய்த மாதிரி, நான்கு மூலைக்கும் காகித முக்கோணம் ஒட்டி அதற்குள் தாளைச் செருகுங்கள். பின்பக்கம் பெயர், வயது, தேதியைப் பென்சிலால் குறியுங்கள். தரையோடு ஒட்டிய அலமாரி வேண்டாம். நம் மண்ணில் கரையான் அதிகம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வேண்டாம். அந்த வயதில் அந்தக் கை அப்படித்தான் எழுதியது.