காத்தைத் தின்ன மரம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் வாங்கின மார்க் 36. அதிலும் ஒரு மார்க், வாத்தியார் என் கையெழுத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் போட்டது!

அப்பாவுக்கு இருக்கன்குடிப் பக்கம் கரிமூட்டத் தொழில். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, தழை போட்டு மண் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டால் கரி. ஆபீஸில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால் "பிசினஸ்" என்பேன். 'கரி' என்று சொன்னாலே வெள்ளைச் சட்டை கறுத்துவிடும் என்று பயம்.

ஒருநாள் மூட்டையை எடை போட்டுக்கொண்டே கேட்டார்:

"ஏலே, மரம் இம்புட்டுக் கனக்குது. ஆனா அது நின்ன எடத்துல மண்ணு கொறையவே இல்லியே. அப்ப எதைத் தின்னு வளந்துச்சு?"

"மண்ணுல இருக்கற சத்தைத்தான். அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா."

யாருக்குப் புரியவில்லை என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆச்சு.

ஆடிக் கடைசி வெள்ளி. மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றோரம் ஒரு கருவேல நிழலில் புளிசாதத்தைப் பிரித்தோம். பத்தாவது படிக்கும் மகளிடம், அப்பா கேட்ட கேள்வியை என் சொந்தக் கேள்வி மாதிரி எடுத்துவிட்டேன்.

"காத்தைத்தான்ப்பா தின்னுச்சு!" என்றாள், சாதத்தை மென்றுகொண்டே.

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அது வழியாகக் கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே போகிறது. வேர் தண்ணீரை அனுப்புகிறது. பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை. நாம் மூச்சு விடும் ஆக்ஸிஜன், அந்தச் சமையலில் மிஞ்சியது. சர்க்கரைதான் பிறகு மரமாகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, காற்றிலிருந்து வந்த கார்பன். அந்த வாயு பத்தாயிரம் பங்கு காற்றில் நாலு பங்கு சொச்சம்தான். மாசக் கடைசியில் நம்ம பர்ஸ் மாதிரி! அதை வைத்தே மரம் குடும்பம் நடத்துகிறது.

"மண்ணு ஒண்ணுமே குடுக்கலையா?"

"கரி எரிஞ்சா அடுப்புல சாம்பல் மிஞ்சுதுல்ல? மண்ணோட பங்கு அம்புட்டுத்தான்."

இதே கேள்வியை பெல்ஜியத்து வான் ஹெல்மான்ட் என்பவரும் கேட்டாராம். தொட்டியில் வில்லோ மரக்கன்று நட்டு, ஐந்து வருஷம் வெறும் தண்ணீர் ஊற்றினார். மரம் 74 கிலோ ஏறியது. மண் 60 கிராம்கூடக் குறையவில்லை. 1648-ல் புத்தகமாக வந்தது. "எல்லாம் தண்ணீர்தான்" என்று அவரும் தப்பாகவே முடித்தார். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் அவர் தராசு வைத்துக் கேட்டதைத்தான் எங்கப்பாவும் தராசு வைத்துக் கேட்டார். அவருக்குப் புத்தகம் வந்தது. இவருக்கு என்னிடமிருந்து "உங்களுக்குப் புரியாதுப்பா" வந்தது. இப்போது பதில் கையில் இருக்கிறது. கேட்க அப்பா இல்லை.

போன வாரம் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "சார், உங்கப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?"

"கரி போட்டார் தம்பி. மரம் சேத்து வச்ச வெயிலை மூட்டை கட்டி வித்தார்."

"ஓ... சோலாரா சார்?"

"ஆமாம்ப்பா. எங்க ஊர்ல அப்பவே!"