வாய்க்கால் கரையும் சைக்கிள் தம்பிகளும்



பன்னீர் திராட்சை கவாத்து பத்தி எழுதினதுல இருந்து சென்னை, கோயம்புத்தூர் பக்கம் இருந்து நாலைஞ்சு பேர் போன் பண்ணிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அண்ணே, கம்பம் பக்கம் கிராவல் பைக் ஓட்டலாமா, எந்தப் பாதை நல்லாருக்கும்?"

எங்க ஊர்ல கிராவல்னா டிப்பர் லாரியில கொண்டாந்து கொட்டுற சரளை மண்ணு. அந்த மண்ணுல ஓட்டுறதுக்குன்னே சைக்கிள் வந்திருக்குன்னு இந்தத் தம்பிகளைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஹேண்டில் ரேஸ் சைக்கிள் மாதிரி கீழ வளைஞ்சிருக்கு, டயர் மட்டும் அகலம். ட்யூப் இல்ல, உள்ள பால் மாதிரி ஒரு பசை ஊத்தி வச்சிருக்காங்க. கருவேல முள்ளு குத்தினா ஓட்டையை அதுவே அடைச்சுக்குமாம். எங்க அப்பா காலத்துல பால் கேனை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு, கேரியர்ல புல்லுக்கட்டோட இதே பாதையில 28 இஞ்சு சைக்கிள்தான் ஓடுச்சு. அதுக்கு கிராவல் பைக்னு யாரும் பேர் வைக்கல, அவ்வளவுதான்.

சரி, பாதைக்கு வருவோம். இந்தப் பள்ளத்தாக்கே பெரியாறு தண்ணியால வாழுற பூமி. 1895-ல் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடிச்சதுக்குப் பிறகு, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா தண்ணி இந்தப் பக்கம் வருது. லோயர்கேம்ப்ல கரண்டு எடுத்துட்டு ஆத்துல விடுவாங்க. அங்க இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லு இந்தத் தண்ணியை நம்பித்தான். நெல்லுக்கு மேல மேட்டு நிலத்துல திராட்சை. வாய்க்கால் எங்க போகுதோ அங்க ஒரு கரை இருக்கும், கரை மேல ஒரு பாதை இருக்கும்.

ஒரு விசயத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க: தண்ணி போற திசையில போனா இறக்கம். எதிர்த்து வந்தா ஏத்தம். அதனால காலையில லோயர்கேம்ப்ல ஆரம்பிச்சு சின்னமனூர் பார்த்துப் போறதுதான் புத்திசாலித்தனம். ஆனி, ஆடியில மேற்குக் கணவாய்க் காத்து ஆளையே தள்ளும். அப்ப வந்தா பத்து மணிக்குள்ள ஓட்டி முடிச்சிருங்க.

மேற்குப் பக்கம் 18-ஆம் கால்வாய். லோயர்கேம்ப்ல பிரிஞ்சு, கூடலூரைத் தொட்டு, மலையடிவாரத்தை ஒட்டியே கோம்பை, தேவாரம் பக்கம் போகுது. அது கண்மாய்களை நிரப்புறதுக்கான கால்வாய். வருசத்துல கொஞ்ச நாள்தான் தண்ணி ஓடும், மத்த நாள் காய்ஞ்சு கிடக்கும். கரைப்பாதை எல்லா இடத்துலயும் ஒண்ணு போல இருக்காது. சில இடம் தரை கெட்டியா இருக்கும், சில இடம் சீமைக்கருவேலம் ரெண்டு பக்கமும் கையை நீட்டும். வழியில பண்ணைப்புரம் வரும், இளையராஜா பொறந்த ஊரு. நின்னு ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க.

கிழக்குப் பக்கம்தான் திராட்சைப் பாதை. கம்பத்துல இருந்து சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி. தார் ரோட்டை விட்டு இறங்கி வண்டிப்பாதையில போனா ரெண்டு பக்கமும் கல்தூண் பந்தல். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல கம்பி, கம்பி மேல கொடி, கொடிக்குக் கீழ கொத்து. ராயப்பன்பட்டி தாண்டி சண்முகாநதி அணை, அங்க இருந்து எரசக்கநாயக்கனூர், சின்ன ஓவுலாபுரம், ஓடைப்பட்டி. ஓடைப்பட்டி விதையில்லாத திராட்சைக்குப் பேர் போன ஊரு.

நம்ம கருப்புத் திராட்சைக்குப் புத்தகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சு பாதிரியார் கொண்டு வந்தார்னு சொல்வாங்க. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடு கிடைச்சது. கவாத்து பண்ணி ஏறக்குறைய 120 நாள்ல வெட்டு. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து முன்னப் பின்ன நடக்குறதால, ஒரே பாதையில ஒரு தோட்டம் மொட்டைக் குச்சியா நிக்கும், அடுத்தது பூவுல இருக்கும், அதுக்கடுத்தது கருத்துத் தொங்கும். வருசம் பூரா பழம் இருக்குறது இந்த மண்ணோட தனிச்சிறப்பு. எந்த மாசம் வந்தாலும் ஏதாவது ஒரு தோட்டத்துல பழத்தைப் பார்ப்பீங்க.

அங்கதான் சிக்கலும் இருக்கு.

போன தை மாசம் ஒரு எட்டுப் பேர் சைக்கிள்ல எங்க பக்கம் வந்தாங்க. எங்க தோட்டத்துக்குப் போற பாதை பக்கத்துத் தோட்டத்து மாமாவோட ஓரமா வருது. அவர் மருந்தடிச்சு ரெண்டே நாள். வந்தவங்கள்ல ஒருத்தர் ஒரு கொத்தைப் பறிச்சு வாயில போட்டுக்கிட்டே போட்டோ எடுத்திருக்கார். இன்னொருத்தர் ஈர வரப்பு மேல சைக்கிளை விட்டு, வரப்பு உடைஞ்சு, பாய்ச்சுன தண்ணி பூரா அடுத்த வயலுக்குப் போயிருச்சு. மாமா சாயங்காலம் டீக்கடையில வந்து, "நாளைக்கே கல்லை நட்டு சங்கிலி போடுறேன்"னு நின்னுட்டார்.

அவர் கோவத்துல நியாயம் இருக்கு. ஒரு கொத்து பெரிய காசு இல்ல. ஆனா மருந்து டப்பாவிலேயே அடிச்ச பிறகு எத்தனை நாளைக்குப் பறிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும். தின்னவருக்கு வயித்துல ஏதாவது ஆனா யாரைக் கேப்பாங்க? தோட்டக்காரனைத்தான்.

வழிப்போக்கர் கை நீளுறது இன்னைக்கு வந்த கதையும் இல்ல. பிரான்சுல போர்டோ பக்கம், ரோட்டோர திராட்சையைப் பறிக்காம இருக்க, துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடி மேல தெளிச்சு விடுவாங்களாம். பார்க்க விஷம் மாதிரி நீலமா இருக்கும். 1882-ல் மில்லார்டேன்னு ஒரு பேராசிரியர் அந்த வழியாப் போனவர், தெளிச்ச கொடியில மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனிச்சார். நாம இன்னைக்கும் அடிக்கிற போர்டோ கலவை அப்படி வந்ததுதான். திருட்டுக்குப் பயந்து அடிச்சது மருந்தாப் போச்சு.

ஆனாலும் சங்கிலி வேண்டாம்னு நான் சொன்னேன். அந்தப் பாதைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தோட்டம் இருக்கு. வெட்டு நேரத்துல குட்டியானை உள்ள வந்தாத்தான் பெட்டி வெளிய போகும். இல்லைன்னா தலைச்சுமைதான். சுமைக்கூலி கொடுத்து, அடிபட்ட பழத்தை வியாபாரிக்குக் குறைச்சுக் கொடுத்து, மிச்சம் என்ன நிக்கும்? இன்னைக்கு சைக்கிளுக்குப் போடுற சங்கிலி நாளைக்கு நமக்கும் சேர்த்துத்தான் தொங்கும். சாவி யார்கிட்டன்னு அடுத்த பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

இன்னொண்ணும் சொன்னேன். எங்க சின்ன வயசுல இருந்த வண்டிப்பாதைகள்ல பாதி இப்ப இல்ல. மாடு போச்சு, வண்டி போச்சு, பால் சைக்கிள் போச்சு. ஆள் நடமாட்டம் நின்ன பாதையில ரெண்டு மழைக்குக் கருவேலம் ஏறுது. மூணாவது வருசம் டிராக்டர் கொழு ஒரு முழம் உள்ள வருது. அப்புறம் அங்க பாதை இருந்ததுன்னு புலப்படத்தை எடுத்துக் காட்டித்தான் நிரூபிக்கணும். யாரோ ஒருத்தர் போய்க்கிட்டே இருந்தாத்தான் பாதை பாதையா இருக்கும். அது வண்டிக்காரனா இருந்தா என்ன, வளைஞ்ச ஹேண்டில் சைக்கிள்காரனா இருந்தா என்ன?

மாமா ரொம்ப நேரம் பேசல. கடைசியா, "அடுத்த பொங்கல் வரைக்கும் பார்க்குறேன்டா மாப்ள. இன்னொரு வரப்பு உடைஞ்சா நீ குறுக்க வரக்கூடாது"ன்னார். அதுதான் இப்ப இருக்குற நிலைமை.

அதனால வர்றவங்க இதைக் கொஞ்சம் கேட்டுக்கங்க. கரையில ஓட்டுங்க, வரப்புல ஏறாதீங்க. மடை வந்தா இறங்கித் தள்ளிட்டுப் போங்க. தண்ணி பாய்ச்சுறவர் எதிர்ல வந்தா அவருக்கு வழி விடுங்க. இலையில நீலமாவோ வெள்ளையாவோ திட்டு தெரிஞ்சா மருந்துன்னு அர்த்தம். தெரியலைன்னாலும் தொடாதீங்க. பழம் வேணும்னா ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க, காசு வாங்காமயே வெட்டிக் கொடுக்குற ஆளுங்கதான் இங்க அதிகம். தோட்டத்துக்குள்ள டிரோன் விடாதீங்க. இருட்டுறதுக்குள்ள மலையடிவாரத்தை விட்டு வெளிய வந்துருங்க. 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ளயே வந்துச்சு. பிடிக்கிற வரைக்கும் சண்முகாநதி அணைப் பக்கம்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அது போயிருச்சு, மத்த யானைங்க இங்கதான் இருக்கு.

மாமாவைப் பார்த்தா ஒரு வணக்கம் சொல்லுங்க. நின்னு ரெண்டு வார்த்தை பேசினா மனுசன் இளகிருவார். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு.

அடுத்த பதிவுல கொடிக்குக் கல்தூண் எங்க இருந்து வருது, இப்ப என்ன விலைன்னு எழுதுறேன்.