ஜீரோ டிக்கெட்டில் சிவனசமுத்திரம்

அம்மாவின் சுருக்குப்பையில் முன்பெல்லாம் வெற்றிலையும் சில்லறையும்தான் இருக்கும். 2023 ஜூன் மாதத்திலிருந்து ஆதார் அட்டையும் அதற்குள் குடிபுகுந்துவிட்டது. அந்த மாதம் 11-ம் தேதி கர்நாடக அரசு சக்தி திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்தில் குடியிருக்கும் பெண்கள் அரசுப் பேருந்தில், மாநில எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் காசில்லாமல் போகலாம். ராஜஹம்சா, ஐராவதா போன்ற சொகுசு வண்டிகளுக்கும் ஏசி வண்டிகளுக்கும் இது பொருந்தாது. சாதா பஸ், எக்ஸ்பிரஸ் எல்லாவற்றிலும் உண்டு. கர்நாடக முகவரி உள்ள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கொடுப்பார்.

முதல் ஒரு வருஷம் அம்மா அதை வைத்துக்கொண்டு சிவாஜிநகரைத் தாண்டவில்லை. ஜீவனஹள்ளியில் ஏறுவாள், ரஸல் மார்க்கெட்டில் காய் வாங்குவாள், திரும்பி வருவாள். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்: "ஏம்மா, இந்த அட்டையக் காட்டுனா சிவனசமுத்திரம் வரைக்கும் வுடுவானா?"

ஏன் சிவனசமுத்திரம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அம்மா பிறந்தது கோலார் தங்க வயலில். அவளுடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போய் சுரங்கத்தில் இறங்கியவர். லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளில் ஒன்று அம்மாவிடம் அப்படியே இருக்கிறது. கரி போட்டு நீராவியில் ஓடிக்கொண்டிருந்த மிஷின்களெல்லாம் ஒரு நாள் கரண்டில் ஓட ஆரம்பித்தன. அந்தக் கரண்ட் சிவனசமுத்திரத்தில் காவேரி விழுகிற இடத்திலிருந்து கம்பி வழியாக வந்தது. தாத்தா அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அம்மாவின் அப்பாவும் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்த பிறகு, நூற்று முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், அம்மாவும் பார்க்கவில்லை. கையில் பஸ் காசு சேரும்போதெல்லாம் அதற்கு வேறொரு செலவு காத்திருந்தது. எங்கள் பள்ளிக் கட்டணம், அப்பாவின் மாத்திரை, பெரியம்மா வீட்டுக் கல்யாணம். கூலிக்குப் போகிற வீட்டில் அருவி பார்ப்பது கடைசி வரிசைச் செலவு. எழுபத்திரண்டு வயதில் அந்த ஒரு செலவு அவளுக்கு இல்லாமல் போயிற்று. அந்த ஆசை அதுவரை உயிரோடு இருந்ததே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். எலுமிச்சை சாதம், ஒரு பாட்டில் தண்ணீர், அம்மாவின் சுருக்குப்பை. மெஜஸ்டிக்கில் இறங்கி கொள்ளேகால் பஸ்ஸைத் தேடினால், எங்களைப் போல அட்டையோடு நிற்கும் பெண்கள் கூட்டம். மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள், தாய் வீட்டுக்குப் போகிறவர்கள், மூன்று தலைமுறையாகச் சேர்ந்து கிளம்பியவர்கள். பாதி இருக்கைகள் ஆண்களுக்கு என்று விதி இருக்கிறது. ஆனாலும் நின்றுகொண்டு வந்த ஒரு பெரியவர், டிக்கெட் வாங்கியவன் நிற்கிறேன் என்று முணுமுணுத்தார். அவருடைய வருத்தத்திலும் நியாயம் உண்டு. கூட்டத்துக்கு ஏற்ற அளவு வண்டி விட வேண்டும். அதற்காக, வீட்டு வாசலைத் தாண்டாமலே கிழவியாகிவிட்ட பெண்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

கண்டக்டர் வந்தார். "ஆதார் தோர்சி, அஜ்ஜி."

அம்மா அட்டையை எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அவர் முகவரிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஜீவனஹள்ளி, பெங்களூரு. மிஷினைத் தட்டி இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அம்மா டிக்கெட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து சொன்னாள்: "சொந்த ஊரு எதுன்னு கேக்கவே இல்ல, பாத்தியா?"

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கண்டோன்மெண்ட் பகுதிக்கு 1809-ல் பிரிட்டிஷ் படை வந்தது. அதன் பின்னால் சிப்பாயாகவும், கட்டட வேலைக்கும், சமையலுக்கும், சலவைக்கும் வந்த தமிழர்களின் வாரிசுகள்தான் காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, தொட்டிகுண்டா பக்கமெல்லாம் நிறைந்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஜீவனஹள்ளி என்போம். சரி, சொந்த ஊர் எது என்று அடுத்த கேள்வி வரும். அப்பாவின் தாத்தா விட்டு வந்த ஒரு கிராமத்தின் பேரைச் சொல்வோம். அங்கே எங்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

அந்தக் கேள்விக்கு 1991 டிசம்பரில் வேறு அர்த்தம் இருந்தது. காவேரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த வாரம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சுவரில் இருந்த தமிழ் காலண்டரைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். பால் வாங்கப் போனால் வாய் திறந்து தமிழ் பேசாதே என்றார். இரண்டு ராத்திரி எங்களைத் தன் வீட்டுக்குள் படுக்க வைத்துக்கொண்டது பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள். காவேரி என்ற பேரை நான் பயத்தோடு கேட்ட நாட்கள் அவை. அதே வாரத்தில் எங்கள் குழாயிலும் அந்தக் காவேரிதான் வந்துகொண்டிருந்தது.

ஆகவே ஒரு முன்பின் தெரியாத கண்டக்டர் அட்டையைப் பார்த்து, நீ இந்த ஊர்க்காரி, உனக்கு உரிமை உண்டு என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்ததை அம்மா சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பூரில் இருக்கும் என் அத்தை, "இங்கல்லாம் அட்டையே கேக்க மாட்டான், 2021-லேர்ந்து சும்மாவே ஏத்திக்கிறான்" என்பாள். உண்மைதான். ஆனால் அங்கே அது சாதாரண டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. இங்கே அட்டை கேட்கிறார்கள். கேட்டபிறகு ஒரு மாநிலத்தையே திறந்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு அட்டை கேட்டதுதான் பிடித்திருந்தது.

கனகபுரா, சாதனூர், ஹலகூர். மழைக்குப் பிறகு ராகி வயல்கள் பச்சை கட்டியிருந்தன. ஹலகூர்ப் பக்கம் வந்ததும் அம்மாவைத் தட்டி எழுப்பினேன். இந்தப் பக்கம் உள்ளேதான் தொரேகாடனஹள்ளி. நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிற படம் இது. காவேரித் தண்ணீர் இங்கே சுத்தமாகி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று படிப்படியாக மேலேற்றப்பட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போகிறது. பெங்களூர் இருக்கும் மேடு அவ்வளவு உயரம். சுமார் 500 மீட்டர் ஏற்ற வேண்டும். முதல் கட்டம் 1974-ல் வந்தது. 2024 கோடையில் போர் தண்ணீரெல்லாம் வற்றி நகரமே லாரிக்கு அலைந்தபோது, எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வந்தது இந்தக் குழாயில்தான்.

மளவள்ளி தாண்டி அருவிக்குப் பிரியும் சாலையில் இறங்கினோம். இனிமேல் இலவசம் இல்லை. ஓர் ஆட்டோக்காரரிடம் பேசி, இரண்டு அருவிக்கும் சேர்த்து ஒரு தொகை முடிவு செய்தோம். சின்னப் பையன், அம்மாவைக் கைபிடித்து ஏற்றினான்.

ககனசுக்கியைப் பார்ப்பதற்கு முன்பே அது கேட்கிறது. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையில் கண்ணம்பாடி அணையும் கபினியும் நிரம்பியிருந்தன. கம்பித் தடுப்புக்கு அப்பால், பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில், ஆறு ஒன்றாக விழவில்லை. பத்து இடத்தில் பிய்த்துக்கொண்டு விழுந்தது. சில கிளைகள் வெள்ளை, சில கிளைகள் செம்மண் நிறம். சுமார் 300 அடி. கீழே விழுந்த தண்ணீர் புகையாக எழும்பி மறுபடி மேலே வந்தது. மேல்கரையில் தர்கா ஒன்று பனிக்குள் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தூவானம் எங்கள் முகம் வரைக்கும் வந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"எங்க இருக்குது கரண்ட் ஆபீசு?"

கீழே, பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்கள் போகும் திசையைக் காட்டினேன். 1902 ஜூன் 30 அன்று அங்கிருந்துதான் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போயிற்று. 147 கிலோமீட்டர் கம்பி. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் ஒன்று. திட்டத்துக்குப் பின்னால் நின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். அந்த விளக்கு எரிவதைப் பார்க்காமல் 1901-லேயே இறந்துபோனார். பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5-ல்தான். தங்க வயல் மூன்று வருஷம் முந்திக்கொண்டது. கோடையில் ஆறு மெலிந்து டர்பைன் நின்றுவிடக் கூடாது என்ற கவலைதான் 1911-ல் கண்ணம்பாடி அணை வேலை தொடங்கியதற்கும் ஒரு காரணம்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா கேட்டாளா என்று தெரியவில்லை. குழாய்கள் இறங்கும் திசையைப் பார்த்துக் கை கூப்பினாள். அருவிக்கு இல்லை, பவர் ஹவுசுக்கு. "தாத்தா, நான் வந்துட்டேன்" என்றாள். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். லைன் வீடுகள் இடிந்து கிடக்கின்றன. அவருக்கென்று போய் நிற்க அவளுக்கு வேறு இடம் இல்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

தீவுக்குள் இருக்கும் ரங்கநாதர் கோயிலுக்கும் போனோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதி ரங்கன், இங்கே மத்திய ரங்கன், நம் ஸ்ரீரங்கத்தில் அந்திய ரங்கன். ஒரே ஆறு மூன்று இடத்தில் அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறது. ஆற்றுக்குள் வரிசையாக நிற்கும் கல் தூண்களோடு இருக்கும் பழைய பாலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் திருச்சிராப்பள்ளி ராமசாமி முதலியார் கட்டியது. யாத்திரைக்காரர்கள் ஆற்றைக் கடப்பதற்காகக் கட்டினார். அதன் ஒரு பகுதி 2018 வெள்ளத்தில் போய்விட்டது. போகாத தூண்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இன்னும் நிற்கின்றன.

பரசுக்கி அகலமான அருவி. அரைவட்டமாகத் திரை கட்டியது மாதிரி விழுகிறது. படிகள் நிறைய, அம்மா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சை சாதத்தைப் பிரித்தபோது ஆட்டோப் பையனையும் கூப்பிட்டாள். இந்தக் கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரைக்கும் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஆச்சரியம். "ஆக நம் அஜ்ஜ தமிழு மாதாட்தித்ரு" என்றான். அவனுடைய தாத்தா தமிழ் பேசுவாராம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அம்மா கேட்டாள்: "இது ரெண்டா பிரிஞ்சு வுழுதே, இதுல எது நம்ம வூட்டுக்கு வருது?"

இரண்டும் இல்லை என்றேன். பெங்களூருக்கான தண்ணீரை அருவிக்கு மேலேயே, சிவா அணைக்கட்டில் திருப்பி எடுத்துவிடுகிறார்கள். விழுகிற இரண்டு கிளையும் கீழே ஒன்று சேர்ந்து, மேகதாட்டு தாண்டி, பிலிகுண்டுலுவில் அளந்து, ஒகேனக்கல், மேட்டூர் என்று போய்விடும்.

அம்மா திரும்பி அருவியைப் பார்த்தாள். "அப்ப நாம பாத்ததெல்லாம் அந்தப் பக்கத்துக்குப் போற தண்ணி."

"ஆமா."

"நெறயத்தான் போவுது" என்றாள், நிம்மதியாக.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வருவதற்கு முன்பே அட்டை கையில் இருந்தது. கனகபுரா வருவதற்குள் தூங்கிவிட்டாள். அட்டை மட்டும் விரல்களுக்கு நடுவில் அசையாமல் இருந்தது. மறுநாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. ஐந்து மணிக்கு நான் எழுந்து வந்தபோது டிரம் இரண்டும் நிரம்பியிருந்தன. அம்மா ஹோஸைக் குடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். காலண்டர் ஆணியில் இரண்டு ஜீரோ டிக்கெட்டுகள் குத்தியிருந்தன.