கடல் கடக்க யாரிடம் இசைவு?

மாலத்தீவின் ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பணி, ஒப்பந்தம் இரண்டாண்டு, மாத இறுதிக்குள் மறுமொழி வேண்டும். கடிதத்தில் இருந்தது இவ்வளவே. ஆனால் அதற்கு முண்டியம்பாக்கத்தில் எழுந்த விளக்கவுரைகளோ ஏராளம்!

நாம் கலைக்கல்லூரியில் இளங்கலை பயின்றோம். ஆசிரியப் பயிற்சியும் முடித்தோம். நாள்தோறும் பேருந்தேறிச் சென்று ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறோம். பேருந்துக் கட்டணமும், படிப்புக்காக வாங்கிய கடனின் தவணையும் போக, மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது கரும்பலகைச் சுண்ணத்தூள் மட்டுமே. வயது இருபத்தாறு. பெண். மணமாகாதவள். பட்டத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. பணியைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்ன இரண்டு சொற்களைச் சுற்றியே ஊரின் ஆராய்ச்சி முழுவதும் நடந்தது.

தாய்மாமன் தீர்ப்புச் சொன்னார்: "முதலில் கழுத்தில் தாலி ஏறட்டும். பிறகு மாப்பிள்ளை போகச் சொன்னால் போ!" இன்னும் யாரென்றே தெரியாத ஒருவன், எந்த ஊரில் இருக்கிறானோ, என்ன படித்தானோ! அவனுடைய இசைவுக்காக நம்முடைய வாழ்வு வாயிற்படியில் காத்து நிற்க வேண்டுமாம். சோதிடரோ ஏட்டைப் புரட்டிப் பன்னிரண்டாம் இடத்து இராகுவைத் தேடினார். ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் விதி என்ன சொல்கிறது என்று நாம் தேடிக்கொண்டிருந்தோம்! மூன்றாவதாக வந்தார் ஒரு தோழர், நம் மன்றத்தவர். "இங்கே செய்ய வேண்டிய பணி மலையெனக் கிடக்க, நீ கடலைக் கடந்து ஓடுவதா?" என்றார். முதல் இருவருக்கும் சிரிப்பே விடையாயிற்று. தோழரின் கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. சிந்திக்க வேண்டியிருந்தது.

கடல் கடப்பது குற்றம் என்று சொன்னவர்கள் உண்டு. பௌதாயன தரும சூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழக்கச் செய்யும் குற்றங்களுள் ஒன்றாக வைத்தது. அந்த அச்சம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குக் கணித மேதை இராமானுசனே சான்று. கேம்பிரிட்ஜ் அழைத்தபோது அவர் முதலில் தயங்கினார். தாயின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றி இசைவு தந்தாள் என்று சொல்லப்படுகிறது. அதன் பின்னரே 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பலேறினார். உலகமே வியந்த மூளைக்கும் ஒரு கனவின் கையொப்பம் தேவைப்பட்டது!

ஆனால் அவருக்கு ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக முன்பே, எந்தக் கனவுக்கும் காத்திராமல், ஏழைத் தமிழர் கடல் கடந்துவிட்டனர். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற பிரெஞ்சுக் கப்பல் கூலியாட்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. 1860 நவம்பர் 16-இல் 'துரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைச் சுமந்துகொண்டு டர்பன் துறையை அடைந்தது. பின்னர் வந்த கப்பல்களில் துணையின்றித் தனியே ஏறிய பெண்களும் இருந்தனர். அவர்களிடம் 'யார் இசைவோடு வந்தாய்?' என்று எந்தச் சூத்திரமும் கேட்கவில்லை. பசி இசைவு தந்தது, அது போதுமானதாயிற்று.

அவர்கள் சென்றது எதற்கு? கரும்புக்காக! நம் முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையின் முன்னே, வெட்டுக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரலாறு நினைவுக்கு வரும். ஒருகாலத்தில் இக்கரும்பை வெட்டவே இம்மண்ணின் மக்கள் ஏழு கடலுக்கு அப்பால் ஏற்றப்பட்டனர்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தோழர்களே! 'தமிழன் திரைகடல் ஓடினான்' என்று மேடையில் மார்தட்டுவது எளிது. அவன் எப்படி ஓடினான், எதில் சிக்கினான் என்று பார்ப்பதே பகுத்தறிவு. அவர்களுடைய வரலாற்றைப் படித்து நாம் மூன்று சொற்களைப் பொறுக்கி எடுத்தோம்: கடன், காகிதம், கதவு.

முதலாவது கடன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி கொடுத்த முன்பணத்தில் சென்றவன், கால் வைத்த அன்றே கடனாளி. அவன் பட்ட கடன் ஒரு சீட்டில் எழுதப்பட்டது. 'துண்டு' என்று அதற்குப் பெயர். கடனைத் தீர்க்காதவன் தோட்டம் மாற முடியாது. 1921-இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஆனால் துண்டு உண்மையில் ஒழிந்ததா? நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, முகவர் கையில் கொட்டிவிட்டு விமானமேறும் இளைஞன் சட்டைப் பையில் இருப்பது என்ன? அது புதுத் துண்டு! அடித்தாலும் உதைத்தாலும் கடன் தீரும்வரை அவன் அந்த வேலையை விட மாட்டான்.

இரண்டாவது காகிதம். நேட்டாலுக்குச் சென்றோர் கைந்நாட்டு வைத்த ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே உரிமையோடு வாழலாம் என்று நம்பியவர்கள் தலையில் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரியைச் சுமத்தியது.

மூன்றாவது கதவு. சென்ற நாட்டில் நிலைக்கக் கதவு திறந்திருக்கிறதா? திரும்பி வரக் கதவு திறந்திருக்கிறதா? மலையகத்தை உழைப்பால் வளமாக்கிய தமிழர்களின் குடியுரிமையை இலங்கை 1948-இல் பறித்தது. 1964-இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்கள் அமர்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டனர். யாரைக் கேட்டனர்? பங்கிடப்பட்டவர்களைக் கேட்கவில்லை!

இந்த மூன்றையும் உரைகல்லாக்கி நம் கடிதத்தை உரசிப் பார்த்தோம்.

கடன்: ஒரு முகவர் வந்தார். ஒன்றரை இலட்சம் கேட்டார். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிகள்படி, பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் என்றோம். வந்த வேகத்திலேயே போய்விட்டார். நாமே நேரடியாக விண்ணப்பித்த இடத்துக்கு, அடகின்றிப் போக முடியுமா என்று கணக்கிட்டோம். ஓராண்டுச் சேமிப்பு பயணச் செலவுக்குப் போதும்.

காகிதம்: பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலரின் இசைவு வேண்டும். ஒப்பந்தத்தை அரசு அதிகாரி ஒருவர் பார்க்கிறார். பட்டம் பெற்ற நமக்கு அந்தத் தடை இல்லை. தடை இல்லை என்றால் காவலும் இல்லை என்பதே பொருள்! கல்லாதவர்க்குச் சட்டம் காவல். கற்றவர்க்குக் கல்வியே காவல். ஆகவே ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தோம். தங்குமிடம் யார் பொறுப்பு, நோயுற்றால் யார் செலவு, இடையில் விலகினால் என்ன இழப்பு, கடவுச்சீட்டு யார் கையில் என்றெல்லாம் கேட்டு எழுதினோம். எழுத்தில் விடை வந்தது. அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. வேலை தேடும் நண்பர்கள் முகவர் வீட்டுத் திண்ணைக்குமுன் அதன் கதவைத் தட்டலாம்.

கதவு: மாலத்தீவின் 2008-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், முசுலிம் அல்லாதவர் அந்நாட்டின் குடிமகனாக முடியாது என்கிறது. ஆகவே அங்கே நிலைக்கும் கதவு நமக்கு இல்லை. போவது பணிக்கு, குடியேற அன்று. இதைத் தெரிந்துகொண்டு போவது ஒன்று, பத்தாண்டு கழித்துத் தெரிந்துகொண்டு திகைப்பது வேறு.

இனித் தோழரின் கேள்விக்கு வருவோம். போவது ஓடிப்போவதா? 1924-இல் திருவாரூர்ப் பகுதியிலிருந்து 21 வயது இளைஞர் ஒருவர் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்றார். கோ. சாரங்கபாணி என்பது அவர் பெயர். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குச் சென்றபோது அங்கே மூண்ட சீர்திருத்தக் கனலை அணையாது காத்தவர்களுள் அவர் ஒருவர். 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது; 1935-இல் அவர் 'தமிழ் முரசு' தொடங்கினார்; 1952-இல் தமிழர் திருநாள் கண்டார். சீனக் குலத்துப் பெண்ணை மணந்து, பேசியதை வாழ்ந்தும் காட்டினார். குடியுரிமைக்குப் பதிவு செய்யுங்கள் என்று தமிழர்களை வற்புறுத்தினார். கதவின் அருமை அறிந்தவர் அவர்! திருவாரூரிலேயே இருந்திருந்தால் இத்தனையும் செய்திருப்பாரா? கொள்கை என்பது ஊரில் விட்டுச்செல்லும் மரப்பெட்டி அன்று. எங்கே போனாலும் உடன் வரும் முதுகெலும்பு.

ஆயினும் ஒரு கேள்விக்கு வரலாறும் சட்டமும் விடை தரவில்லை. அம்மா கேட்டார்: "எனக்கு ஒன்று என்றால் யார் வருவார்?" மாமனைப் போல் அவர் தடுக்கவில்லை. அவருடைய அச்சம் மூடநம்பிக்கையும் அன்று. மணமாகாத பிள்ளைக்குச் சுமை குறைவு என்பார்கள். உண்மையில் தாயின் முதுமை முழுவதும் அந்த ஒரு தோளில்தான். நமக்கும் அச்சம் இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் இரவில் கஞ்சி வைத்துத் தர அந்தத் தீவில் எவரும் இருக்கமாட்டார்.

வாதத்தால் தீர்வதன்று இது; ஏற்பாட்டால் ஓரளவு தணிவது. திரும்பும் விமானக் கட்டணத்தை அம்மா பெயரில் அஞ்சலகத்தில் போட்டோம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் ஊரிலேயே 2010 முதல் இயங்குகிறது. அம்மாவின் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உடன் செல்ல எதிர்வீட்டு அத்தை ஒப்புக்கொண்டார். கணக்கெல்லாம் முடிந்தபின் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு வருசம்தானே?" என்றார். அக்கேள்வியின் எடை எத்துணை என்பதை நாம் அறிவோம்.

மறுமொழி எழுதிவிட்டோம். வருகிறோம், ஆனால் நம் பத்தாம் வகுப்பு மாணவர்களின் பொதுத்தேர்வு முடிந்த பிறகே என்று எழுதினோம். அவர்களுள் பலர் தம் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவர்கள். அவர்களை நடுவழியில் விட்டுச் செல்லும் உரிமையை எந்த ஊதியமும் நமக்குத் தராது. பள்ளி இணங்கினால் பயணம். இல்லையேல் இந்தக் கடிதம் போகும், இன்னொன்று வரும்.

எல்லோரும் போங்கள் என்று சொல்ல வரவில்லை. எவரும் போகாதீர் என்றும் சொல்லவில்லை. கடனின்றிப் போக முடியாதெனில் பொறுத்திருங்கள். படிக்காத காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். திரும்பும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். பெண்ணாகப் பிறந்த தோழியரே, உங்களுக்கு மேலும் ஒரு சொல்: பெற்றவளின் கவலைக்குச் செவி கொடுங்கள், வராத கணவனின் இசைவுக்குக் காத்திராதீர்கள்!